வட்டில் சத்தம் கேளாத மகனுக்கு

துரை, என் மகனே,

விடிந்தால் உன்னை ஏற்றிப்போக சுந்தரபாண்டியத்திலிருந்து வண்டி வருகிறது. வீட்டைவிட்டுப் போகிற பிள்ளைக்குப் பெற்றவள் சொல்லி அனுப்ப எவ்வளவோ இருக்கும். எனக்கும் இருக்கிறது. பகலில் சொல்ல முடியாதவை என்பதால் எல்லோரும் படுத்த பிறகு சமையல்கட்டுச் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு, அறிவியல் நோட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினால் என் கை தானாக நின்றுவிடுகிறது. நீ என் பாதத்தின் மேல் மோவாயை வைத்து நிம்மதியாகப் படுத்திருக்கிறாய். அந்த இருமல் உனக்குக் கேட்கவில்லை. பேனா தாளில் உரசுவது கேட்கவில்லை. பிறந்த நாளிலிருந்து உனக்கு எதுவுமே கேட்டதில்லை. இதை அறிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒன்றரை வருடமாக ஒளித்து வைத்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் படிக்கிறவள் ஒரு நாயை மகன் என்று அழைக்கிறாளே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உன் தாய் ஒரே ஈற்றில் பதினோரு குட்டி போட்டாள். எல்லாரிலும் நீதான் உருவத்தில் சிறியவன். மற்றவர்கள் உன்னை மிதித்துத் தள்ளிவிட்டுப் பால் குடித்தார்கள். இரண்டாம் நாள் உன் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. உன்னைத் துண்டில் சுற்றி என் வயிற்றோடு வைத்துக்கொண்டு, ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, மை ஊற்றும் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அரையாண்டு விடுமுறை முழுக்க அதுதான் என் வேலை. "ஏட்டி, பரீட்சைக்குப் படிக்கச் சொன்னா நீ பிள்ளப்பெத்தவ மாதிரில்ல உக்காந்துருக்க" என்று அம்மா திட்டினாள். மில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் தாத்தா ஆயிட்டனாக்கும். இந்த வயசுலயா?" என்று மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து உனக்குப் பால் விடும்போதெல்லாம், தாத்தா வந்துட்டாரு பாரு, தாத்தா செருப்பக் கழட்டுறாரு பாரு என்று உன் காதில் பேசிக்கொண்டே இருப்பேன். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட உனக்குள் போகவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒரு குக்கர் விசிலால். உனக்குக் கண் திறந்து பத்து நாள் இருக்கும். அடுப்படிக்குப் பக்கத்தில் சாக்கில் எல்லோரும் குவியலாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். விசில் அடித்ததும் ஒன்பது தலைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. நீயும் உன் தங்கை ஒருத்தியும் மட்டும் எழவில்லை. நான் அடுத்த விசிலுக்குக் காத்திருந்தேன். அதற்கும் இல்லை. உங்கள் இருவர் உடம்பிலும்தான் ஒரு கறுப்பு முடிகூடக் கிடையாது. நம் ஊர் பெயரையே சுமந்துகொண்டிருக்கிற இந்த இனத்தில் எல்லோரும் ஆசைப்படுவது அந்த வெள்ளையைத்தான். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண். ஆனால் அப்பா அடிக்கடி சொல்வார், "வெள்ள கூடக் கூட காது கொறையும். கடவுள் ஒரு கையில குடுத்தா ஒரு கையில எடுத்துக்கிடுவான்." அந்தப் பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். விசில் அடங்கியதும் உன்னை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டது அதனால்தான்.

குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனதும் நம் வீட்டில் ஒரு சோதனை உண்டு. வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அவை அசந்து தூங்குகிற நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக என் மடியில் போடுவார் அப்பா. பிறகு பின்னால் போய் நின்றுகொண்டு, நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற வெண்கல வட்டிலைக் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். காதுள்ள குட்டி துள்ளி எழும். எழாத குட்டியை இன்னொரு தடவை பார்ப்பார். அதற்கும் எழாவிட்டால் எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்து, சைக்கிளில் மாட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போவார். திரும்பி வரும்போது பை மடித்துக் கேரியரில் இருக்கும். அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். அம்மாவும் சாப்பிடக் கூப்பிடமாட்டாள்.

அவர் கொடுமைக்காரர் இல்லை, மகனே. இதை நீ நம்ப வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பு நடந்ததை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அப்போது இந்தச் சோதனையெல்லாம் கிடையாது. அப்பா ஒரு வெள்ளைக் குட்டியைச் செட்டியார்பட்டிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அவர் நடந்தே வந்து, நாய் இல்லாத சங்கிலியை மட்டும் நம் வாசற்படியில் வைத்தார். லாரி ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம். அவருடைய மகன் நாயை இழுக்க ஓடியிருக்கிறான், அவன் காலும் போய்விட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "திட்டியிருந்தா உங்கப்பா மனசு ஆறியிருக்கும்" என்றாள் அம்மா. அந்தச் சங்கிலி இன்றைக்கும் நம் வீட்டு நிலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் வட்டிலைத் தட்டுகிறார். காது கேளாத நாயைத் தெரிந்தே ஒருவர் கையில் பிடித்துக் கொடுப்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பெரிய பாவம்.

சோதனை நாளில் முதலில் உன் தங்கை என் மடிக்கு வந்தாள். அப்பா தட்டினார். அவள் எழவில்லை. மறுபடி தட்டினார். அவள் தூக்கத்திலேயே வாயைச் சப்பினாள். அப்பா அவளை எடுத்துக்கொண்டார். அவளுக்காக நான் விரல்கூட அசைக்கவில்லை. இதை உன்னிடம் மறைக்கக்கூடாது. முழு வெள்ளைக் குட்டிகள் இரண்டுமே பிழைத்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று முதல்நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவளை விட்டுக்கொடுத்தால் உன்னைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். கடைசியாக நீ வந்தாய். பாவாடை மடிப்புக்குள் உன் வாலின் அடியில் என் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வட்டில் ஒலித்த நொடியில் அழுத்தினேன். நீ வீறிட்டுக்கொண்டு எழுந்தாய். "அம்மாடி, இவனுக்குக் காது கம்பி மாதிரில்ல இருக்கு" என்று அப்பா உன்னைத் தூக்கி உன் வயிற்றில் மூக்கைத் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு நீ கேட்கிறவன்போல நடந்துகொள்ள வேண்டும். அதை உனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டு லேப்ரடாரை அவர்கள் பழக்கியதுதான். ஜிம்மி என்று பெயர். ஒரு வாரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது, அடுத்த வாரம் கை கொடுக்க. ஒரு சிட்டிகை பால்கோவாவைக் காட்டினால் போதும், யாருக்கு வேண்டுமானாலும் கை கொடுக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கு, தபால்காரருக்கு, எல்லோருக்கும். "என்ன அறிவு பாத்தியா" என்று சித்தி பூரித்துப்போவாள். உன் இனத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. முரடு, ஒரே ஆளுக்குத்தான் அடங்கும், வீட்டுக்குள் வைத்துக்கொஞ்ச லாயக்கில்லை, ஓட ஒரு வயல் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் உண்மையும்கூட. உனக்கு நான் பால்கோவா காட்டினால் அதை மோந்துபார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். இவள் எதற்காகத் தருகிறாள் என்று யோசிப்பாய். ஜிம்மி ஒரு வாரத்தில் கற்றதற்கு உனக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் ஜிம்மி சொன்னதைச் செய்தது. நீ என் தோள் எப்படி இருக்கிறது, நான் எந்தக் காலில் நிற்கிறேன், பள்ளிக்கூடத்தில் யாராவது திட்டினார்களா என்பதுவரை பார்த்து வைத்துக்கொண்டாய்.

தினமும் காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம், வீட்டுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில் நடத்தினேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வா. இரண்டு விரல் காட்டினால் உட்கார். கையை விரித்துத் தரைப்பக்கம் இறக்கினால் படு. நான் கண்ணைத் தொட்டால் என்னைப் பார். முகம் பார்க்காத நேரத்தில் கூப்பிட வேண்டுமானால் குதிகாலால் தரையை இரண்டு தடவை மிதிப்பேன், அதிர்வு உன் பாதத்தில் ஏறித் திரும்புவாய். ஒரே சைகை, மாற்றாமல். செய்தால் ஒரு வாய் கேப்பைக்களி, கன்னத்தில் ஒரு தடவல். செய்யாவிட்டால் ஒன்றும் கிடையாது. அடி மட்டும் கிடையாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத முடியவில்லை. உனக்கு நாலு மாதம் இருக்கும்போது, சோளக்காட்டுக்குள் முயலைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாய். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ கேளாதவன் என்று தெரிந்தும் கத்தினேன். இருட்டுகிற நேரத்துக்குத் தானாகத் திரும்பி வந்தாய். பயத்திலும் கோபத்திலும் வேப்பங்குச்சியை ஒடித்து உன் முதுகில் அடித்தேன். எதற்கு என்று உனக்குத் தெரியவில்லை. குச்சி கீழே விழுந்ததும் அதை வாயில் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாய். விளையாட்டு என்று நினைத்துவிட்டாய். நான் செய்த தவறுகளில் இதை நினைத்தால்தான் இன்னும் சோறு இறங்குவதில்லை.

நீ வளர வளர உன் புகழும் வளர்ந்தது. அப்பா பேசுவதற்கு முன்பே நீ அவர் கையைப் பார்த்துவிடுவாய். அவர் உன் கட்டுச் சங்கிலியைத் தொடுவதற்கு முன்பே வாசலில் நிற்பாய். பக்கத்து வீட்டு அத்தை வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். ஒருநாள் அவர் கையை அசைத்து, "இக்கட ரா, ரா" என்று கூப்பிட்டார். நீ ஓடிப்போய் நின்றாய். அத்தை அப்படியே அசந்துவிட்டார். "அண்ணே, உங்க நாய்க்குத் தெலுங்கும் தெரியுது."

"ஏன், நாளைக்கு இந்தி கத்துக்குடுத்தா அதையும் பேசுவான். எம்மக கணக்குலதான் மட்டம், வாத்தியார் வேலைக்கு லாயக்குதான்" என்றார் அப்பா. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் கண்ணை யாரும் அதிகநேரம் உற்றுப் பார்க்காமல் உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உனக்கு ஒரு வயது ஆனபோது அது நடந்தது. அதை உனக்கு ஞாபகப்படுத்த எனக்கு மனமில்லை, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். நீ வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அன்றைக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய சந்தோஷத்தில், தரையை மிதிக்க மறந்து, பின்னாலிருந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். தூக்கத்தில் யாரோ பிடித்தால் உனக்கு அது யார் என்று எப்படித் தெரியும்? திரும்பிய வேகத்தில் உன் பல் என் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அடுத்த நொடி நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்ததும் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாய். இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை. முள்கம்பி கிழித்துவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தழும்பை மறைக்க இன்றுவரை அந்தக் கையில்தான் வாட்ச் கட்டுகிறேன். அதற்குப் பிறகு ஒருநாள்கூட உன்னைத் தூக்கத்தில் தொட்டதில்லை. இரண்டு மிதி மிதித்து, நீ கண் விழித்துப் பார்த்த பிறகுதான் தொடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு பெரியவர், தன் ஐந்து வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தென்னந்தோப்புக்குள்ளேயே அவர்களுக்கு வீடு. காட்டுப்பன்றித் தொல்லை, தேங்காய்த் திருட்டு. உன்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன கதைகளுக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, நான் வளக்காத நாயில்ல. மொதல்ல லேப்ரடார் ஒண்ணு. தேங்கா திருட வந்தவன் பின்னாலயே வாலாட்டிக்கிட்டுப் போயி, ரெண்டு நா அவன் வீட்டுல விருந்தாளியா இருந்துட்டு வந்துச்சு. பொறவு அல்சேஷன். அறிவுன்னா அறிவு, கதவத் தொறக்கும், செருப்பக் கொண்டாந்து குடுக்கும். சித்திர வெயிலு வந்தா மட்டும் மோட்டார் தொட்டிய விட்டு ஏறாது. நான் காவலுக்கு வாங்குனனா, குளிக்க வச்சுப் பாக்க வாங்குனனா?"

"அண்ணாச்சி, நம்மூரு நாயி இந்த வெயிலுக்குன்னே பொறந்தது. ஆனா பழக்குறது செரமம்பாங்க. இவன் அப்படியில்ல. செத்த நேரம் இருங்க, காட்டுறேன்" என்று அப்பா எழுந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எப்போதும் அப்படித்தான் நிற்பேன்.

"ஏலே துரை, இங்க வாலே."

என் உள்ளங்கை அசைந்தது. நீ வந்தாய்.

"உக்காரு."

இரண்டு விரல். நீ உட்கார்ந்தாய். அப்பா குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக, "படு" என்றார். நான் கையை இறக்கினேன். நீ படுத்தாய். பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கே கேக்கல தம்பி, அதுக்குக் கேட்டிருச்சு. என்னா காதுய்யா இது."

"எல்லாம் எம்மக பழக்குனது" என்று அப்பா திரும்பி என் தலைமேல் கையை வைத்தார். அந்தக் கையின் கனத்தை இப்போதும் என் தலையில் உணர்கிறேன். உன்னைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்களே என்று அம்மாகூட அவரிடம் கேட்டாள். "இப்படி ஒருத்தன வீட்டுலயே கட்டிப்போடுறது, படிச்ச பிள்ளைய வேலைக்கு அனுப்பாம வச்சிருக்கிற மாதிரில்ல. இவளும் பரீட்சைக்குப் படிக்கணும்" என்றார். உன்னை உயிரோடு வைத்திருக்கத்தான் உன்னைப் பழக்கினேன், மகனே. அந்தப் பழக்கமே உன்னை என்னிடமிருந்து கொண்டுபோகிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் குழந்தை உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, இவன் என் பாயில படுத்துக்கிடட்டும்" என்றது. "படுத்துக்கிடட்டும், உனக்குக் காவலா" என்றார் பெரியவர். எனக்கு மணிக்கட்டுத் தழும்பு சுடுவதுபோல இருந்தது.

அன்று சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அப்பா, துரைக்கு..."

"துரைக்கு என்னட்டி?"

நிலைக்கு மேலே சங்கிலி தெரிந்தது. பக்கத்தில் மஞ்சள் பையும் தொங்கியது. "தோப்புல பாம்பு இருக்கும்லப்பா" என்றேன்.

"பாம்பு ஊர்ற சத்தம் கேட்டு மொத ஆளா இவந்தான எந்திரிப்பான். நீ தின்னு."

நான் தின்றேன். ஏழு நாளாக இப்படித்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

அதனால்தான் இன்றைக்கு உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தேன். புது வீட்டில் பயப்படாதே. தோப்புக்கு வெளியே ரோட்டுக்குப் போகாதே, டிராக்டர் வந்தால் தரை அதிரும், உடனே விலகிவிடு. பன்றிக்கூட்டம் பின்பக்கமாக வரும், அடிக்கடி திரும்பிப் பார். சுவரில் முதுகை ஒட்டிப் படு, அப்போது யாரும் பின்னாலிருந்து வர முடியாது. தூக்கத்தில் சின்னக் கை ஒன்று உன்மேல் விழுந்தால் முதலில் மோந்து பார். பால் வாசனை அடித்தால் அது பாப்பா, பல்லைக் காட்டாதே. இவ்வளவையும் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். என்ன பைத்தியக்காரத்தனம். இதில் ஒன்றைக்கூட நீ செய்ய முடியாது. இதெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியவையே இல்லை. உன்னை வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. நம் வீட்டுக்கு நாய் கேட்டு வருகிற எல்லோரும், எது சீக்கிரம் பழகும் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு நாயோடு பழகத் தங்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. ஒரு நொடி மறந்ததற்கு இந்தத் தழும்பு. அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், தரையை இரண்டு தடவை மிதித்துவிட்டுத் தொட வேண்டும் என்று?

ஆகவே இந்தத் தாள்களைச் சின்னதாக மடித்து உன் கழுத்துப்பட்டைக்குள் வைத்துத் தைத்துவிடலாம், அங்கே போனதும் பெரியவர் பார்ப்பார் என்று நினைத்தேன். ஊசியில் நூலைக்கூடக் கோத்துவிட்டேன். அப்போதுதான் அந்தச் செட்டியார்பட்டிக்காரர் நினைவு வந்தார். பெரியவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வருவார். அல்லது உன்னைக் கொண்டுவராமல் சங்கிலியை மட்டும் கொண்டுவருவார். எப்படி வந்தாலும் தெரு பார்க்க அப்பாவின் முன்னால் நிற்பார். அப்பா தெரிந்தே செய்தார் என்றுதான் நினைப்பார். என் நகம் அழுத்தியது உன் வாலை மட்டும் இல்லை என்று இப்போது புரிகிறது. தட்டிப் பார்க்காமல் ஒரு குட்டியைக்கூடக் கொடுக்காத மனிதரை நான் பொய்க்காரர் ஆக்கி வைத்திருக்கிறேன், அவருக்கே தெரியாமல். அவர் என்னை நம்பித்தான் குட்டிகளை என் மடியில் போட்டார்.

நூலை உருவிவிட்டேன்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு அப்பா எழுந்ததும் முதலில் கையில் எடுப்பது அந்த வெண்கல வட்டிலைத்தான், உங்களுக்குக் கஞ்சி ஊற்ற. இந்தத் தாள்களை அதில் வைக்கப்போகிறேன். பறக்காமலிருக்கக் கரண்டியை மேலே வைப்பேன். வண்டி வர ஏழு மணி ஆகும். அதற்குள் அவர் படித்து முடித்துவிடுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் என்றாலும். மகனே என்று எழுதிய கடிதத்தை உன் தாத்தாதான் படிக்கப்போகிறார்.

அப்பா, இந்த ஒரு பத்தி உங்களுக்கு. அடிக்க வேண்டுமானால் என்னை அடியுங்கள். இவன் தங்கையை விட்டுக்கொடுத்தேன் என்று இவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன், அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சுந்தரபாண்டியத்துப் பெரியவருக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், அவர் கிளம்புவதற்கு முன்னால். மஞ்சள் பையை ஆணியில் தேடாதீர்கள். நான் எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்திருக்கிறேன். துரைக்கு இந்த வீட்டைத் தவிர எந்த வீடும் சரிப்படாது. அதை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை, இவனைப் பழக்கியவள் என்பதால் சொல்கிறேன். இங்கே எல்லோரும் இரண்டு தடவை தரையை மிதிக்கக் கற்றுக்கொண்டால் போதும்.

துரை, உன்னிடம் கடைசியாக ஒன்று. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அவர் இதைப் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். நீ வாசலில் நின்று அவரைப் பார். முகம் படிப்பதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். அவர் கண் எந்தப் பக்கம் போகிறது, தோள் எப்படி இறங்குகிறது, கை சங்கிலிக்குப் போகிறதா கஞ்சிக்குப் போகிறதா என்று எனக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். கதவிடுக்கில் நான் உன் வாலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.